கொல்லையில் வைத்த மீன் குழம்பு

மாதா துணை

செம்மங்குப்பம்
24.7.2011, ஞாயிறு

அன்பு மகள் ஜான்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் தம்பி சார்லஸும் நல்ல சுகம், நீயும் அங்கே கொல்கத்தாவில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் உனக்கென்று ஒரு மணி அதிகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் சுகம் என்று நான் எழுதுவதை நம்பு, பத்திரிகையில் போட்டதை நம்பாதே, அதன்படி பார்த்தால் நாங்கள் எல்லோரும் பட்டினியில் செத்து வருஷக் கணக்கு ஆகியிருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் பேச வேண்டியதுதான், ஆனால் நான் வாயைத் திறந்தாலே விடும்மா விடும்மா என்று நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவள், சோறு கூட இன்னும் வடிக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை ஒரு தடவை முழுதாகக் கேள். உங்கள் வாலிபால் டீம் கப் ஜெயித்த மறுவாரம் பத்திரிகைக்கும் அவர்களுடைய டிவிக்குமாகச் சேர்த்து மூன்று பேர் சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். வருகிறோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், பெற்ற பெண்ணைப் பற்றி எழுத வருகிறவர்களுக்கு வெறும் டீயைக் கொடுத்து அனுப்புவதா என்று அப்பா விடிகாலையிலேயே கடலூர் துறைமுகத்துக்குப் போய் முழுக் கொடுவா மீன் ஒன்று வாங்கி வந்தார். கொடுவாவை கேஸ் அடுப்பில் வைத்தால் அதற்கு மரியாதை இல்லை, உனக்கே தெரியும், நம் வீட்டுக்குப் பாதர் சாப்பிட வந்தாலும் சரி மெட்ராஸ் சித்தப்பா வந்தாலும் சரி கொல்லை அடுப்பில் விறகு மூட்டி மண்சட்டியில்தான் குழம்பு. நான் டூட்டிக்கு லீவு போட்டு, பழைய சேலை ஒன்றைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வைத்தேன், பட்டுச் சேலையோடு விறகடுப்பில் யார் உட்காருவார்கள். அந்த நேரம் பார்த்து வந்து இறங்கினார்கள். அப்பா ஹாலில் உட்கார வைத்தார். அந்தப் பெரிய நிருபர் டைல்ஸைப் பார்த்தான், ஃபிரிட்ஜைப் பார்த்தான், ஷோகேஸில் நீ வாங்கிய கப்புகளைப் பார்த்தான், பெண் பார்க்க வந்து பிடிக்காமல் போன மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முகம் சுருங்கிப் போயிற்று. நீங்க முன்னால இருந்த குடிசை எதுனா இருக்குதா சார் என்று அப்பாவிடம் கேட்டான். இல்லீங்க, பொண்ணு பொறந்ததே இந்த வீட்லதான் என்று அப்பா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் குழம்பு வாசனை பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தான், அங்கே நான், என் முன்னால் சட்டி, பின்னால் விறகு போட்டு வைக்கிற கீற்றுக் கொட்டகை. அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும், மீன் குழம்புக்கு வந்த சந்தோஷம் என்று நினைத்தேன் நான், பைத்தியக்காரி. இன்னொரு வாட்டி ஊதுங்கம்மா என்றான், ஊதினேன். கொட்டகையில் நின்ற பைக்கை ஓரமாகத் தள்ளச் சொன்னான், சார்லஸ் தள்ளினான். எல்லாம் முடிந்து மூன்று பேரும் சப்புக் கொட்டிக்கொண்டு இரண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள், மீன் தலையை அந்தப் பெரிய நிருபருக்குத்தான் வைத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், இவர்கள் கை காய்வதற்குள் மறந்தார்கள்.

அந்தப் பத்திரிகை வந்ததும் அப்பா கடைக்காரனிடம் இருந்ததையெல்லாம் வாங்கி வந்துவிட்டார். அட்டையில் உன்னோடு ஆடுகிற சிதம்பரத்துப் பெண் சுவேதா முழுசாக நிற்கிறாள், பக்கத்தில் நீ தோளோடு வெட்டுப்பட்டு நிற்கிறாய். உள்ளே உனக்குத் தலைப்பு, காலனியில் பிறந்த கறுப்புச் சூறாவளி. சாதிப் பேரை எங்கேயும் எழுதவில்லை, யோக்கியர்கள், ஆனால் காலனி என்ற வார்த்தையை மட்டும் உப்பு போடுவது போல அங்கங்கே தூவி வைத்திருக்கிறார்கள், படிக்கிறவனுக்குப் புரிய வேண்டியது புரிந்துவிடும். கொட்டகை முன்னால் நான் ஊதுகிற படம், அதற்கு அடியில் இன்றும் விறகடுப்பும் மண்சட்டியுமாக வாழும் தாய் என்று போட்டிருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் கூலி வேலையாம். முப்பது வருஷமாக நர்ஸ், இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் என் கையில் விழுந்துதான் அழுதார்கள். அப்பா கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டர் என்று வாயால் சொன்னதை எழுதிக்கொண்டு போனவன் அன்றாடங்காய்ச்சி என்று போட்டிருக்கிறான். கூலி வேலை செய்கிறவர்கள் மட்டம் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே, என்னைப் பெற்றவள் நடவு நட்டுத்தான் என்னை நர்சிங் படிக்க வைத்தாள். அவள் பட்ட கஷ்டம் அவளுடையது, அதை அவள் மேலிருந்து உரித்து உன் மேல் போட்டுப் படம் பிடிக்க இவன் யார்.

அதைக்கூட விட்டுவிடுவேன் ஜான்சி, உன் ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறானே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வயற்காட்டில் நாற்று நட்டு உரமேறிய கைகளாம் உனக்கு. நீ எந்த வயலில் நாற்று நட்டாய். பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடக் கேம்ப்பில் ஒரு மரக்கன்று நட்டாய், அதுவும் பட்டுப்போனது. சுவேதாவுக்கு மட்டும் நுட்பமான ஆட்டம், கணக்குப் போட்டு ஆடுகிற மூளை, உனக்குக் காட்டுத்தனமான வலிமை, பிறவியிலேயே ரத்தத்தில் ஊறியதாம். அடக் கடவுளே, டீமில் பந்தை ஓங்கி அடிக்கிறவள் அவள், அவளுக்குத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் நீ. எதிரில் நிற்பவள் எந்தப் பக்கம் எகிறப் போகிறாள் என்று பார்த்து, இந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி பார்த்து அந்தப் பக்கம் கொடுக்கிற வேலை முழுக்க மூளை வேலை. அதற்காக நீ மாடித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பந்தைப் போட்டுப் போட்டு சுவர் காரை உதிர்ந்தது எனக்குத் தெரியும், சிமெண்டு பூசிய கொத்தனாருக்குக்கூடத் தெரியும். சுவேதா நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளே எனக்குப் போன் பண்ணி, ஆன்ட்டி எனக்கே படிக்க அசிங்கமா இருந்துச்சு, மூளையெல்லாம் ஜான்சிதான், அவ குடுக்கற பந்தை நான் அடிக்கறேன் அவ்ளோதான் என்று அழாத குறையாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் மாட்டுக்கொட்டகையே நம் வீட்டைவிடப் பெரியது, அதன் முன்னால் அவள் அம்மாவை யாரும் நிறுத்திப் படம் எடுக்கவில்லை. டிவியில் உன்னைக் காட்டினார்களே அன்றைக்கு, முகத்தில் என்னத்தை அப்பிவிட்டார்கள், கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறம், எனக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. எழுதும்போது கறுப்பு என்று எழுதிக் காசு பண்ணுகிறார்கள், காட்டும்போது மட்டும் கறுப்பு ஆகாது போலிருக்கிறது.

போன மாதம் அப்பா பேப்பரில், எங்கோ வெளிநாட்டில் கால்பந்து மேட்சில் கறுப்பு ஆட்டக்காரன் மேல் வாழைப்பழத்தை எறிந்தார்கள் என்று படித்துவிட்டு, ச்சே என்னா ஜென்மங்க, நம்ம ஊர்ல இப்டிலாம் இல்லப்பா என்றார். இங்கே எறியவில்லைதான். இங்கே பொன்னாடை போர்த்தி, கைதட்டி, அதற்கப்புறம் அதையே சொல்கிறார்கள். அப்பாவுக்கு அது ஏறவே இல்லை, உன் படம் வந்த சந்தோஷத்தில் அந்தப் பக்கத்தை லேமினேஷன் பண்ணி ஹாலில் ஆணி அடித்து மாட்டிவிட்டார், நான் கத்தியதற்கு, போட்டதே பெருசு, நீ ஏன் ஜாஸ்தி பேசற என்றார். போன ஞாயிறுதான் அவருக்கும் உறைத்தது. பங்குக் கோயில் சபையிலிருந்து நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள், கையில் ஒரு மூட்டை அரிசி, ஒரு நூல் சேலை. அதே சபையில்தான் நான் மாதாமாதம் இல்லாத வீடுகளுக்கு அரிசி அளந்து போடுகிறேன். விருத்தாம்பாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்ளோ கஷ்டத்துலயா நீ ஊருக்கெல்லாம் அளந்து போட்ட ஆரோக்கியம், எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுகிறார்கள். என் சமையலறையில் உட்கார்ந்து என் மிக்ஸியில் அரைத்த சட்னியைத் தின்றவர்கள் ஜான்சி, கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுப் பேப்பரில் படித்ததை நம்புகிறார்கள். நான் அந்த மூட்டையை என்ன செய்வது, திருப்பி அனுப்பினால் திமிர், வைத்துக்கொண்டால் பொய். அவர்கள் போன பிறகு போய்ப் பார்த்தால், அப்பா லேமினேஷனைக் கழற்றவில்லை, அதே ஆணியில் சுவரைப் பார்த்த மாதிரி திருப்பி மாட்டியிருக்கிறார். இன்றைக்கு வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் சென்னையில் அதே டிவியின் மேடையில் உன்னை உட்கார வைத்து, நான் அடுப்பு ஊதுகிறதைப் பெரிய திரையில் ஓட விட்டு, சின்ன வயதில் எத்தனை நாள் பசியோடு படுத்தீர்கள் என்று கேட்கப் போகிறார்களாம். எங்களுக்கும் அழைப்பு வந்திருக்கிறது, வீட்டில் கட்டுகிற சேலையிலேயே வாங்க அம்மா என்று ஒரு பெண் போனில் தேனாகப் பேசுகிறாள். உங்கள் மேனேஜர், கேப்டன் யாரென்று முடிவு பண்ணப் போகிற நேரம், பத்திரிகைக்காரனைப் பகைக்காதே, கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வா என்கிறார் என்று சொன்னாய். நீயும், ஆமான்னு சொல்லிட்டு வந்துடறேம்மா, என்னா கொறஞ்சிடப் போவுது என்றாய். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. போனை வைக்கும்போது, அன்னிக்கி ஏம்மா கொல்லையில வச்ச, கேஸ்லயே வச்சிருக்கக் கூடாதா என்று கேட்டாயே, அந்தக் கேள்விதான் என்னை இரண்டு வாரமாகத் தூங்க விடவில்லை. எவனோ படம் எடுத்தது போகட்டும், என் மகளுக்கே அந்தச் சட்டி வெட்கமாகிவிட்டதா. வந்தவனை மதித்து நான் வைத்த குழம்பு அது. நீ கேட்ட அன்றிலிருந்து அந்த அடுப்பை நான் மூட்டவில்லை, சட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். அப்பா மீன் வாங்கி வந்தால் கேஸில் வைத்துக் கொடுக்கிறேன், இரண்டாம் தடவை சோறு கேட்காமல் எழுந்து போகிறார், ருசி இல்லை என்று எனக்கே தெரிகிறது.

என்ன குறையும் என்று கேட்டாயே, சொல்கிறேன். நான் கேப்டன் பதவி வேண்டாம் என்று சொல்லும் அம்மா இல்லை, நீ கேப்டனானால் முதலில் ஆடுகிறவள் நான்தான். ஆனால் பசிக்காத பிள்ளை பசித்தது என்று மேடையில் ஒரு ஆமாம் சொல்லிவிட்டால், அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் உன்னை சைக்கிளில் கடலூர் கிரவுண்டுக்குக் கூட்டிப் போன காலையெல்லாம் பொய்யாகிவிடும். இனி நீ எவ்வளவு யோசித்து ஆடினாலும் ரத்தத்தில் ஊறியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், அவர்களுக்கு அது வசதி. நாளைக்கு நம் தெருவிலிருந்து வருகிற பெண்ணிடமும் குடிசை எங்கே என்றுதான் கேட்பார்கள், இல்லையென்றால் கட்டிக்கூட வைப்பார்கள். யாரையும் நீ திட்ட வேண்டாம், சண்டை போட வேண்டாம், அழக் கூடாது, அதுதான் அவர்களுக்கு வேண்டியது. எதிரில் நிற்பவள் ஒரு பக்கம் எகிறிக் காத்திருக்கும்போது நீ எப்படி மறுபக்கம் கொடுப்பாயோ அப்படிக் கொடு. இந்தப் படத்தில் அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டால், வந்த விருந்தாளிக்குக் கொடுவா மீன் குழம்பு வைக்கிறாள், மண்சட்டியில் வைத்தால்தான் ருசி என்று சிரித்துக்கொண்டே சொல். உங்க நிருபர் சாருக்குத் தலையே வெச்சாங்க, எப்டி இருந்துச்சுன்னு அவரையே கேளுங்க என்று சொல். அப்புறம் அவர்கள் கேட்காவிட்டாலும் செட்டர் என்றால் என்ன வேலை என்று நீயே சொல்லிவிட்டு வா. நாங்கள் வருவோம், நான் கோயிலுக்குக் கட்டுகிற நீலப் பட்டில் வந்து முதல் வரிசையில் உட்காருவேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. சார்லஸுக்கு இன்னும் ஒரு பேப்பர் அரியர் இருக்கிறது, நீ போனில் அதட்டினால்தான் படிப்பான். காற்று திரும்பினால் கெமிக்கல் கம்பெனி வாடை அடிக்கிறது, ஜன்னலைச் சாத்தி வைக்கிறேன். முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதே, வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, அது நர்ஸ் சொல்வது, அம்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளாமல் கேள். சுவேதாவுக்கு என் அன்பைச் சொல், அவளும் உன்னோடு வீட்டுக்கு வரட்டும்.

இவ்வளவு எழுதியதில் மனசு கொஞ்சம் இறங்கியது, நடுவில் எழுந்து போய்ப் பரணிலிருந்து சட்டியை இறக்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொல்லையில் வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். மேடையில் நீ எதைச் சொல்லிவிட்டு வந்தாலும் என் மகள்தான், வருகிற அன்றைக்கு அதில்தான் குழம்பு, எவன் படம் எடுத்தாலும் சரி. ஆனால் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் அந்தக் குழம்பு உனக்குத் தொண்டையில் இறங்காது ஜான்சி, உன்னை எனக்குத் தெரியும்.

மாதா உன் கூடவே இருந்து, உன் கைக்கும் காலுக்கும் வாய்க்கும் பலம் கொடுக்கட்டும்.

என்றும் உன் மேல் பிரியமும் கொஞ்சம் கோபமுமாக,
அம்மா தே. ஆரோக்கியம்மாள், ஸ்டாஃப் நர்ஸ்