சாமித்தட்டில் இருந்த பச்சைக்காசு

ஏப்ரல் 11, சனி

வாசலெல்லாம் சேறு. உருகின பனி, மேலே தூறல். செவ்வாய் வருசப்பிறப்பு. விளக்கு மினுக்கப் புளி ஊறப்போட வேண்டும்.

மருமகன் (இனி ம.; பெயரை எழுதக் கை வருவதில்லை) விடியவே உலோகம் தேடும் மெஷினோடு வயலுக்கு. விதைப்புக்கு முன்னம் கிண்ட வயல்காரர் விட்டிருக்கிறார். இரண்டு வருடத்தில் ம. கண்டெடுத்தவை: ட்ராக்டர் ஆணி, பியர்ப் பேணி மூடி, உடைந்த லாடம், திரும்பவும் ஆணி.

நான் இந்த நாட்டுக்கு வந்த அன்று விமானநிலையத்தில் இரண்டு மணித்தியாலம் சூட்கேசில் குந்தியிருந்தேன். ம. பிந்தி வந்தார். கார்ச் சில்லுக்குக் காற்றுப் போனதாம். பதினாறு வருடம். அந்தச் சில்லை நான் இன்னும் பார்க்கவில்லை.

பின்னேரம் சப்பாத்தோடு உள்ளே ஓடிவந்தார். "மாமி! பழங்காசு, மாமி!"

"முதல்லை சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றாள் மகள் வாசுகி.

நகம் அளவு, பச்சை பிடித்த ஒன்று. சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டார். வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பக்தியைக் கண்டதில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

குளிர். இடது முழங்கால் நோ. இரண்டு பேரும் வேலைக்கு.

மினுக்கியவை: குத்துவிளக்கு 2, தூபக்கால், செம்பு, சாமித்தட்டு, தட்டில் கிடந்த காசு. முதலில் புளி, பிறகு திருநீறு. பச்சை கழன்றதும் காசில் ஒரு சிங்கம் தெரிந்தது, கையில் கோடரி. மறுபக்கம் எழுத்துகள். நல்ல வடிவு. இன்னும் வடிவாக வரட்டும் என்று பானை தேய்க்கிற கம்பி போட்டேன். பளபளா. சிங்கம் போய்விட்டது, பரவாயில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய், வருசப்பிறப்பு

வெயில். சர்க்கரைப்புக்கை பொங்கினேன், அடிப்பிடிக்கவில்லை.

மூத்தவள் நான்தானே, கைவிசேடக் காசு என் கையால். ம.வுக்கு வெற்றிலையில் அவருடைய காசையே வைத்துக் கொடுத்தேன். சந்தோசப்படுவார் என்று.

பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"மாமி, இதென்ன?"

"உங்கடை காசுதான், தம்பி. மினுக்கிப்போட்டன்."

"ஐயோ! அதுக்குத் தண்ணி கூடக் காட்டக்கூடாது, மாமி!"

"எனக்கு ஆர் சொன்னது?"

வாசுகி என்னைத் தனியே இழுத்தாள். "அம்மா, வியாழக்கிழமை தொல்பொருள் ஒஃபிசிலை காட்ட நாள் எடுத்து வைச்சவர். என்ன காசெண்டு தெரியாட்டி அது வெறும் தகரம். இதுக்காகத்தானே ரண்டு வருசமா அலைஞ்சவர்."

ம. கத்தவில்லை. புக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் காரில் இருந்தார். கத்தியிருந்தால் நல்லது. நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 16, வியாழன்

ம.வோடு கூடப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. எங்கள் மோர்டென்ஸ்ருட்டில் ரயில் ஏறி இறங்கும் வரை ம. யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒஃபிசில் ஒரு சின்னப்பெட்டை, இரண்டு மூக்குத்தி. பூதக்கண்ணாடியால் பார்த்தாள். முகம் சுருங்கியது. ஏதோ கேட்டாள். கழுவினது யார் என்ற அளவுக்கு எனக்கும் நோர்வேஜியன் விளங்கும். ம. தன் நெஞ்சைத் தொட்டார். தானாம்!

எனக்காகப் பொய். இனி இந்த மனுசனை நான் எப்படிக் கோபிப்பது? எழும்பினேன். "நான்! நான்தான் கழுவினது!" தமிழில்தான் வந்தது. விரல் என் நெஞ்சில், ஆகவே விளங்கியிருக்கும்.

ம. தலையில் கை வைத்தார். பெட்டை அவரிடம் மெல்ல ஏதோ சொன்னாள்.

"மாமி, மினுக்க முன்னம் என்ன இருந்தது, ஞாபகம் இருக்கோ எண்டு கேக்கிறா."

ஞாபகமா? என்னிடமா?

பேனையை வாங்கிப் படம் கீறினேன். படித்தது மூன்றாம் வகுப்பு. அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது, உரு தெரியும். சிங்கம். கோடரி, பிடி வளைந்தது. மறுபக்கம் முதலில் ஒரு பிறை, பிறகு ஒரே படி வைத்த ஏணி. கடைசியில் வேலித்தடி போல நாலு கோடு.

நாலு கோட்டைக் கண்டதும் பெட்டை கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயரில் நாலாவது ராசாவாம். காசில் மிச்சமிருந்த கீறல்களை என் படத்தோடு வைத்துப் பார்த்தாள். பொருந்துகிறது. ஆயிரத்து அறுநூற்றைம்பதாம் ஆண்டுக்கு முந்தியதாம்.

அவ்வளவு பழசென்றால் காசு அரசாங்கத்துக்கே சொந்தமாம்! உறைக்குள் போட்டு எடுத்துவிட்டாள்.

"தம்பி, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா காசு எங்களுக்கெல்லோ!"

"ஓம், மாமி." மனுசன் சிரிக்கிறார். கண்டெடுத்தவர் என்று கடதாசியில் அவருடைய பெயர். அதை மூன்று தரம் போனில் படம் பிடித்தார். நான் கீறின படத்தையும் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெட்டையை மறக்கமாட்டேன். அந்த ராசாவையும்.

ஏப்ரல் 18, சனி

மப்பு வானம். மழை இல்லை. ம. என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மாமி, வயலுக்கு வாறியளோ? நான் கிண்டிறன். வாறதை நீங்கள் பாத்து மனசிலை வைச்சிருங்கோ. ஆனா கை ரண்டும் கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை இருக்கவேணும்."

"முழங்கால் ஏலாது," என்றேன். உடனே ஓம் என்றால் மதிப்பில்லை.

போய்விட்டார் என்று நினைத்தேன். இல்லை. கார் நிற்கிறது, என் பக்கத்துக் கதவு திறந்தபடி. ஹோர்ன் அடிக்கிறார். தடித்த கால்மேசு ஒன்று கிடைத்துவிட்டது. மற்றது எங்கே?