ஜாம்பி வந்தால் பால் சொசைட்டி

பங்குனி 9, ஞாயிறு

மதியம் வீட்டுக்காரரும் நானும் மகள் மலரும் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். செல்போனில் ஏதோ ஜாம்பிப் படம் பார்த்துவிட்டு வந்த மலர், "நம்மூருக்கு ஜாம்பி வந்தா எங்க போயி ஒளியறது?" என்று ஆரம்பித்தாள். சித்தேரி மலைதான் என்று அவளே பதிலும் சொன்னாள். நான் வாட்டர் டேங்க் என்றேன். செத்த பிணம் அவ்வளவு படி ஏறியா வரப்போகிறது?

இவர் தலை நிமிராமல், "அதெல்லாம் ஆவாது. பால் சொசைட்டிக்குப் போயிரலாம்" என்றார்.

"எதுக்குங்கப்பா, பால் குடிக்கவா?" மலர் சிரித்தாள்.

"அங்கதான் ஜெனரேட்டர் இருக்குது. கரண்டு போனாலும் கூலிங் நிக்காது. மலைக்கு, டேங்குக்குன்னு போனா உங்கம்மாளோட இன்சுலின் வெயில்ல கெட்டுப்போயிரும்."

ஆறு வருஷமாக ஊசி போடுகிறேன். போட்டாயா என்று இவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்று வாட்டர் டேங்க் என்று சொன்னபோது எனக்கே அந்த ஊசி ஞாபகம் வரவில்லை.

"நீங்களும் எங்ககூட உள்ளதான இருப்பீங்க?" என்றாள் மலர்.

"நான் எங்க உள்ள இருக்கறது? ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கியார ஆள் வேணாமா?"

"கொட்டையப் பாத்து எடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது உள்ளே குறட்டை கேட்கிறது. கேஸ் புக் பண்ண மறந்துவிட்டார் என்று திட்டி எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். காலையில் நானே பண்ணிக்கொள்கிறேன்.