கூண்டுக்குள் யார்

ஜூன் 3, திங்கள்
மலையில் பனி. ஆய்வகத்தில் ஹீட்டர் செத்துவிட்டது. உலகின் தென்கோடியில் இந்த ஹோபார்ட்டில் ஜூன்தான் குளிர்காலம், இப்படித்தான்.

என் மூலக்கூறுகள் மட்டும் சமர்த்து. துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் தாமாகவே சேர்ந்து கூண்டாகிவிடும். அதற்குள் போக வேண்டிய விருந்தாளி, சாயம். வெளியே இருக்கும்போது நெளிந்து நெளிந்தே வாங்கிய ஒளியை வீணடிக்கும். உள்ளே நெளிய இடமில்லை, மின்னித்தான் ஆக வேண்டும். கொள்கை இது. இரண்டரை வருடத்தில் பத்துச் சாயம் போட்டாயிற்று, ஒன்றும் மின்னவில்லை, சனியன். 20ஆம் தேதி என் ஆய்வை மதிப்பிடும் குழு கூடுகிறது. முனைவர் பட்டத்துக்கு இன்னும் ஆறு மாதம் தருவார்களா, மூட்டை கட்டச் சொல்வார்களா?

ஜூன் 11
பதினோராவது சாயம் மின்னிவிட்டது. அறுபது மடங்கு. அறுபது.

ஜூன் 12
என் பேராசிரியை கிளெனிஸ் கேக் வாங்கி வந்துவிட்டார். பக்கத்து மேசை ஃபெர்கஸ், "பிரயோனி, இனிமே எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சுப்பியா?" என்றான். மாட்டேன் என்றேன்.

ஜூன் 17
"சாயம் போடாம வெறும் கூண்ட அளந்தியே, அது எங்க?" என்று கேட்டார் கிளெனிஸ். மார்ச்சில் அளந்ததைக் காட்டினேன், இருட்டு. "மார்ச்ல சாப்பிட்டது இன்னிக்குப் பசிக்குத் தாங்குமா? திரும்ப அள."

அவர் போனதும் அளந்தேன். வெறும் கூண்டு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. அப்படியென்றால் உள்ளே இருப்பது யார்?

ஜூன் 18
நான்தான். போன வாரம் ஆய்வகச் சோப்பு தீர்ந்தது. ஆர்டர் போடச் சோம்பல்பட்டு வீட்டுத் துணி சோப்புத்தூளில் குப்பிகளைக் கழுவினேன். துணி பளிச்சென்று தெரிய அதில் ஒளிரும் சரக்குக் கலந்திருக்கிறது. வெற்றிலை பாக்கு வைத்து நான் அழைத்த சாயம் வாசலில் நிற்க, என் கூண்டு சோப்புத்தூளை மடியில் உட்கார வைத்துக் கொஞ்சுகிறது.

ஃபெர்கஸிடம் மட்டும் சொன்னேன். "வியாழக்கிழமை வரைக்கும் வாய மூடிட்டு இரு. அப்புறமா தெரிஞ்ச மாதிரி சொல்லிக்கலாம்" என்றான்.

செய்யலாமா? யாருக்குத் தெரியப்போவுது — பயமா இருக்கு.

ஜூன் 20
சொல்லிவிட்டேன், திரையில் போட்ட முதல் படத்திலேயே. குழுவில் ஒருவர் சிரித்தார். கிளெனிஸ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்ல?" என்றார். கழிப்பறையில் போய் அழுதேன்.

ஆறு மாதம் கேட்டேன். மூன்று தந்தார்கள்.

ஜூலை 9
புதுக் குப்பிகள். வெறும் கூண்டு: இருட்டு. வெறும் சாயம்: மங்கல். இரண்டும் சேர்ந்து: ஏழு மடங்கு.

கழுவித் திரும்ப அளந்தேன். ஏழு. கிளெனிஸைக் கூப்பிட்டேன். என்னை நகரச் சொல்லிவிட்டு, அவரே கழுவி அவரே அளந்தார். ஏழு. என் நோட்டை இழுத்து, அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.