குதிகால் அளவு

என்னங்க,

நான் சௌக்கியம். உங்கள் முதுகுவலி தேவலையா? தைலம் தேய்த்துவிட ஆளில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

தரை சில்லிடுகிறது என்று நம் சின்னவள் குதித்துக் குதித்து நடப்பதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? அவளுக்குக் கம்பளி சாக்ஸ் பின்ன ஆரம்பித்தேன். சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? இந்த வீட்டு டிரைவர். முறுக்கு மீசையோடு காரில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார். நீங்கள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

குதிகாலில்தான் திணறிப்போனேன். “வரிசையை முடிக்காம பாதியிலேயே திரும்பிடு, தங்கச்சி. அப்பத்தான் குதிகாலுக்குக் குழிஞ்சு கொடுக்கும். திரும்புற இடத்துல நூலை ஒரு சுத்து சுத்திக்கோ, இல்லேன்னா ஓட்டை விழும்” என்றார். ஓட்டை விழவில்லை. ஆனால் எவ்வளவு குழிய வேண்டும் என்று தெரியாமல், நான் பார்த்துக்கொள்ளும் பையனின் காலிலேயே வைத்து வைத்துப் பார்த்தேன். முடித்தபோது அவனுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. கழற்றவே விடவில்லை.

“எங்க பையனுக்கா பின்னுனே?” என்று அவன் அம்மா பூரித்துப்போனாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

சின்னவளைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றி வரைந்து அனுப்புங்கள். குதிகாலை ஒரு நூலால் அளந்து அந்த நூலையும் வையுங்கள். இதோ, இவன் எழுந்து அழுகிறான், ஓடுகிறேன்.

எதற்கு என்று சின்னவள் கேட்டால், அம்மா சாக்ஸ் பின்னுகிறாள் என்று சொல்லுங்கள். அவள் கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி