அணைத்துப் போட்ட டிரான்ஸ்பார்மரின் சூடு

ஆடி வெள்ளி, குற்றாலம்.

லாட்ஜ் டிரான்ஸ்பார்மரை வேலைக்காக அணைச்சு மூணு நாளாச்சு. எண்ணெய் ஊத்தாத வகை. ஓடும்போது உள்ள நூறு டிகிரி காட்டினாலும் எலக்ட்ரீசியன் நான் அசர மாட்டேன். சாயங்காலம் புது வாட்ச்மேன் இசக்கி அதோட இரும்புக் கூட்டைத் தொட்டுட்டு, "அண்ணாச்சி, இங்கன மட்டும் வெதுவெதுன்னு இருக்கு"ன்னான். டெம்பரேச்சர் கன்னை நீட்டினேன். சுத்திலும் இருபத்துநாலு. அந்த ஒரு இடத்துல மட்டும் முப்பத்தேழு. மனுஷ உடம்புச் சூடு. உட்கார்ந்த ஆளோட முதுகு உயரம்.

சாரல் குளிருக்குப் பழைய வாட்ச்மேன் மாடசாமி அண்ணாச்சி அங்கனதான் சாய்ஞ்சு உட்காருவார். போன மாசம்தான் அவரை எரிச்சோம்.

"கரண்டே இல்லாம எப்படிச் சுடுது?"ன்னு இசக்கி கேட்டான். "வெயில் பட்டிருக்கும்லே"ன்னேன். அது ஜன்னலே இல்லாத நிலவறை.

ரெஜிஸ்டர்ல நார்மல்னு எழுதிட்டு வந்துட்டேன். காலையில சுவிட்சைப் போடச் சொல்லுதாங்க. அவரை எழுப்பிட்டுப் போடணுமோ?