பின்னால் வந்த சைக்கிள்

டெல்லி,
நவம்பர் 1982

அன்புள்ள அண்ணிக்கு,

ஆசியப் போட்டியில் என் ஆயிரம் மீட்டர் சைக்கிள் ஓட்டம் இன்று முடிந்தது. கடைசியாக வந்தேன்.

இதில் ஒவ்வொருவரும் தனியாகத்தான் ஓட்ட வேண்டும். ஆனாலும் இரண்டாவது சுற்றில் என் பின்னாலேயே ஒரு சைக்கிள் வந்தது. அண்ணன் சைக்கிளின் அதே கிறீச் சத்தம். பிடரியில் மூச்சுக்காற்று பட்டது. "டேய், நில்லுடா" என்றது அவர் குரல்.

திரும்பிப் பார்த்தேன். பாதையில் யாருமில்லை.

ஓட்டம் முடிந்ததும் கோச், "யாரைடா திரும்பிப் பாத்தே?" என்று கத்தினார்.

குந்தாரப்பள்ளி ரோட்டில் நாங்கள் பயிற்சி எடுத்தபோது அண்ணன் லாரியில் அடிபட்டு இறந்துபோனாரே, அன்று எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். அது பொய், அண்ணி. அன்றும் அவர் இப்படித்தான் கூப்பிட்டார். அவரை முந்திவிட்ட சந்தோஷத்தில், காதில் விழுந்தும் திரும்பாமல் மிதித்தேன்.

உங்கள் கொழுந்தன்