நனைத்துக் காயப்போட்ட நீச்சலுடை

மார்ச் 3

இன்றும் மாடியிலிருந்து அக்காவின் குரல்: "எழுந்துட்டியா? வெயில் வீணாப் போகுது." வெயில் எப்படி வீணாகும்? அவளுடைய சிறுநீரகம் என் உடம்புக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து சோபாவில் சாய்ந்தாலே எதையோ திருடிய மாதிரி இருக்கிறது. யாரும் திட்டுவதில்லை. திட்டினால்கூடத் தேவலை.

மார்ச் 6

அலுவலக ஆண்டு விழாவில் மேலாளர் என்னை மேடையேற்றப் பார்க்கிறார். "ரெண்டாவது வாழ்க்கைய எப்படி வாழறீங்கன்னு பேசுங்க, எல்லாருக்கும் ஒரு உற்சாகமா இருக்கும்." எப்படி வாழ்கிறேன்? முதல் வாழ்க்கையைப் போலத்தான். அதே நாற்காலி, அதே விலைப்பட்டியல், சாயங்காலம் டிவி. பல்லைக் காட்டித் தலையாட்டிவிட்டு வந்தேன். கை கழுவும்போது கண்ணாடியில் அந்தச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் 10

அக்கா என்னை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டாள். டாக்டரிடம் அவளே கேட்டுவிட்டாளாம், நீச்சலுடையும் வாங்கியாகிவிட்டது. "சின்ன வயசுல எவ்வளவு ஆசைப்பட்ட!" ஆசைப்பட்டது அவள். நான் அவள் துணிக்குக் காவல் இருந்தவள். உடையை வாங்கி மடித்து வைத்தேன்.

பக்கத்து வீட்டம்மா, "உங்க அக்கா தெய்வம்" என்றார். தெய்வத்துக்குத் தங்கையாக இருந்து பார்த்தால் தெரியும்.

மார்ச் 14

போனேன். வழுக்கும் தரை, வடிகாலில் யாருடைய முடியோ. வாசலோடு திரும்பிவிட்டேன். வயிற்றுவலி என்று அவளிடம் சொன்னேன். பதறிப்போய்விட்டாள் பாவம்.

மார்ச் 21

எழுதவே கூசுகிறது. வகுப்பு முடியும்வரை பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, குழாயடியில் நீச்சலுடையை நனைத்துப் பிழிந்து, மாடியிலிருந்து தெரிகிற கொடியில் காயப்போட்டேன். நாற்பத்திரண்டு வயது. சீ.

மார்ச் 28

மறுபடியும். இந்த முறை தலையையும் நனைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 4

கொடியடிக்கு வந்த அக்கா நீச்சலுடையை மூக்கருகே கொண்டுபோனாள். "குளோரின் வாசனையே இல்லையேடி."

அவ்வளவுதான், கத்திவிட்டேன். "ஆமா, போகல. எனக்குப் பிடிக்கல. சும்மா படுத்துக் கிடக்கத்தான் பிடிச்சிருக்கு. வேணும்னா உன் கிட்னிய திருப்பி எடுத்துக்கோ." — இதையா சொன்னேன்? என் வாயா இது?

அழுவாள் என்று நினைத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்தாள். நீச்சலுடையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். "நீ படுத்திருக்கிறதப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. இதுக்கா குடுத்தோம்னு தோணுது. தோணினதும் என்மேலயே அருவருப்பா இருக்கு. அதான் உன்னை விரட்டிக்கிட்டே இருக்கேன்."

கேட்கக் கேவலமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூச்சு சுலபமாக வந்தது, ஏன் என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் விட்டாள்.

ஏப்ரல் 7

மேடையில் பேச மாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. போகட்டும்.

ஏப்ரல் 12

ஞாயிறு. மத்தியானம் படுத்திருந்தேன். அக்கா இறங்கி வரும் சத்தம் கேட்டால் வழக்கமாக எழுந்து எதையாவது துடைக்க ஆரம்பிப்பேன். இன்று எழவில்லை. வந்து நின்று பார்த்தாள். முகத்தில் அந்த எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை.

"காலை மடக்குடி" என்றாள்.

மடக்கினேன். அவளும் சாய்ந்துகொண்டாள்.